கருத்துக்கணிப்பில் 94 விழுக்காடு, அப்புறமும் ஏன் இந்த இடைவெளி? (அமெரிக்க நிறபேதம்)

நெய்தல் குமரன்

1958-ல் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வி கேட்டது. கறுப்பரும் வெள்ளையரும் கல்யாணம் செய்துகொள்வதை நீங்கள் ஏற்கிறீர்களா? நூற்றுக்கு நாலு பேர் ஏற்றார்கள். 2021-ல் அதே கேள்விக்கு 94 பேர் ஆம் என்றார்கள்.

அதே 1958-ல்தான் வர்ஜீனியாவில் ரிச்சர்ட் லவிங், மில்ட்ரெட் தம்பதியை ராத்திரியில் வீடு புகுந்து போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் வெள்ளையர், அவள் வெள்ளையரல்லாதவள். குற்றம் அவ்வளவுதான். 25 வருஷம் மாநிலத்துக்குள் சேர்ந்து காலடி வைக்காமல் இருந்தால் சிறை இல்லை என்றார் நீதிபதி. 1967-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கலப்பு மணத்தைத் தடுத்த அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அன்றைக்கு அப்படிச் சட்டம் வைத்திருந்த மாநிலங்கள் 16.

வாய்ப்பேச்சு மட்டும் மாறவில்லை. 1967-ல் புதிதாக மணமானவர்களில் 3 விழுக்காட்டினர்தான் வேறு இனத்தில் துணை தேடியவர்கள், 2015-ல் 17. இதெல்லாம் மெய்யான மாற்றம். இதை மறுப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 போலி வேலை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. படிப்பு, அனுபவம் எல்லாம் நிகர். பெயர் மட்டும் வேறு. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு. லகீஷா, ஜமால் போன்ற கறுப்பர் பெயர்களுக்குப் பதினைந்துக்கு ஒன்று. இது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 1989 முதல் நடந்த இதுபோன்ற சோதனைகளை ஒன்றாகத் தொகுத்து 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. கறுப்பர்கள் விஷயத்தில் அந்த 25 வருஷத்தில் இடைவெளி குறையவே இல்லை என்றது அது.

ஆக, கேட்டால் சொல்லும் பதில் மாறியிருக்கிறது. யாரும் கேட்காத இடத்தில் நடப்பது அதே வேகத்தில் மாறவில்லை. அந்த "கேட்காத இடங்கள்" எவை என்று பார்க்கத்தான் இந்த இழை. அமெரிக்காவில் இருப்பவர்கள் உங்கள் தொழிலில் பார்த்ததை எழுதுங்கள்.

---

பழம்பஞ்சாங்கம்

குமரன் தம்பி, நல்லா ஆரம்பிச்சுட்டு "ஆனால்"னு ஒரு திருப்பம் வச்சுட்டீங்க. எனக்கு அந்த "ஆனால்" மேலதான் சந்தேகம்.

1959-ல் அமெரிக்கக் கறுப்பர்களில் 55 விழுக்காடு வறுமைக்கோட்டுக்குக் கீழே. 2022-ல் 17. 1940-ல் பள்ளிப்படிப்பை முடித்த கறுப்பர் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. இன்றைக்குப் பத்தில் ஒன்பது பேர் கிட்ட முடிக்கிறார்கள். 2008-ல் ஒரு கறுப்பரை ஜனாதிபதி ஆக்கி, 2012-ல் மறுபடியும் தேர்ந்தெடுத்த நாடு அது. மனித சரித்திரத்தில் இவ்வளவு சீக்கிரம் தன்னைத் திருத்திக்கொண்ட சமூகம் எத்தனை? ஒவ்வொரு படி ஏறின பிறகும் "இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு"னு சொல்றவங்க, ஏறினவனுக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையைக் கொடுக்கிறதில்லை. முக்கியமா, ஏறின கறுப்பர்களுக்கே கொடுக்கிறதில்லை. அவங்க உழைப்பு எங்கே போச்சு இந்தக் கணக்கில்?

பெயர் சோதனைக்கு வர்றேன். அதுக்குப் பிறகு இன்னும் பெரிசா ஒண்ணு நடந்தது, 83,000 விண்ணப்பம், நாட்டின் பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கு மேல. வெளிவந்தது 2022-ல். அதில் கறுப்பர் பெயருக்கும் வெள்ளையர் பெயருக்கும் வித்தியாசம் சராசரியா இரண்டு புள்ளிதான். அதுவும் எல்லா நிறுவனத்திலும் பரவலா இல்லை. மோசமான ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்கள்தான் கிட்டத்தட்ட பாதிப் பாகுபாட்டுக்குக் காரணம். மீதிப் பேரை எதுக்குக் கூண்டில் ஏத்தறீங்க?

---

நெய்தல் குமரன்

ஐயா, அந்த ஆய்வை நானும் படித்தேன். நீங்கள் சொன்னது சரி, ஆனால் பாதி. அழைப்பே நூற்றுக்கு இருபத்தைந்து சொச்சம்தான் வருகிறது என்ற இடத்தில் இரண்டு புள்ளி என்பது சுமார் 9 விழுக்காட்டு வித்தியாசம். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு: ஆள் எடுப்பதை ஒரே இடத்தில் மையப்படுத்தி வைத்திருக்கும் நிறுவனங்களில் பாகுபாடு குறைவு. கிளைக்குக் கிளை மேலாளர் மனம்போல் எடுக்கும் இடங்களில் கூடுதல். நல்லவன் கெட்டவன் என்று ஆளைப் பிரிப்பதைவிட, நடைமுறை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். உழைத்து ஏறியவர்களைப் பற்றி நீங்கள் சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை.

---

மாலதி

இரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்க்கிறேன். நடைமுறைன்னு குமரன் சொன்னதால என் பக்கத்துல இருந்து ஒண்ணு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

சிறுநீரகம் எவ்வளவு நல்லா வேலை செய்யுதுன்னு நேரடியா அளக்கறது கஷ்டம். அதனால ரத்தத்துல இருக்கிற கிரியேட்டினின் (தசையில இருந்து வர்ற கழிவு) அளவை எடுத்து, வயசு, ஆணா பெண்ணா எல்லாம் சேர்த்து ஒரு சூத்திரத்துல போட்டு இ-ஜிஎஃப்ஆர்னு ஒரு எண் வரும். நூறு கிட்ட இருந்தா நல்லது, இறங்க இறங்க மோசம். உங்க ரிப்போர்ட்லயும் இருக்கும், பாருங்க.

1999-ல வந்த சூத்திரத்துலயும் சரி, 2009-ல வந்ததுலயும் சரி, ஒரு தனிப் பெருக்கல் இருந்தது. நோயாளி கறுப்பர்னா வர்ற எண்ணை 1.159-ஆல பெருக்கணும் (2009 சூத்திரம், பழையதுல இன்னும் கூடுதல், 1.21). ஏன்னா, ஆய்வுக்கு வந்த கறுப்பர்கள்கிட்ட அதே சிறுநீரக நிலைக்குக் கிரியேட்டினின் கொஞ்சம் தூக்கலா இருந்ததாம். தசை அதிகம், அதனாலன்னு ஒரு விளக்கம் எழுதிட்டாங்க. எங்க ரிப்போர்ட் தாள்லயே ரெண்டு வரி அச்சாகும்: கறுப்பர் என்றால் இவ்வளவு, இல்லையென்றால் இவ்வளவு. வருஷக்கணக்கா யாரும் அதைத் தப்பான எண்ணத்தோட பார்க்கல. நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டு அனுப்பினது அதுதான்.

இப்போ கணக்கைப் பாருங்க. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிற பட்டியல்ல காலம் ஓட ஆரம்பிக்கணும்னா எண் 20 அல்லது அதுக்குக் கீழ வரணும் (இல்லைன்னா டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கணும்). ஒருத்தருக்கு 18 வருது. வெள்ளையர்னா இன்னைக்கே கடிகாரம் ஓடும். கறுப்பர்னா 18 பெருக்கல் 1.159, 20.9. "உங்களுக்கு இன்னும் சிறுநீரகம் நல்லா இருக்கு, அப்புறம் வாங்க." அந்தப் பட்டியல்ல யார் முன்னாடி வந்தாங்கங்கறதுக்குப் பெரிய மதிப்பு உண்டு. ரெண்டு வருஷம் பின்னாடி போனா சிலருக்கு அது உசுரு.

அப்பா கறுப்பர், அம்மா வெள்ளைக்காரின்னா எதால பெருக்கறது? சூத்திரத்துல பதில் கிடையாது. படிவத்துல யார் எந்தக் கட்டத்துல டிக் அடிச்சாங்களோ அதுதான். சில சமயம் நோயாளி அடிக்கறதே இல்ல, பதிவு மேசையில இருக்கிறவங்க முகத்தைப் பார்த்து அடிக்கறது.

மருத்துவ மாணவர்களும் சில டாக்டர்களும் விடாம கேட்டதால 2021-ல தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் சிறுநீரக மருத்துவர் சங்கமும் சேர்ந்து இனப் பெருக்கலை எடுத்துட்டுப் புதுச் சூத்திரம் கொண்டுவந்தாங்க. 2022-ல உறுப்புப் பகிர்வு அமைப்பு பழைய சூத்திரத்துக்குத் தடை போட்டுது. அதோட நிக்கல, எனக்கு இதுதான் முக்கியமாப் படுது: 2023 ஜனவரியில இருந்து ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பட்டியல்ல இருக்கிற கறுப்பு நோயாளிகளோட பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, பெருக்காம இருந்திருந்தா எந்த நாள் தகுதி வந்திருக்கும்னு பார்த்து, அந்த நாள்ல இருந்து காலத்தைத் திருத்தணும்னு விதி. முதல் பதினாலு பதினைஞ்சு மாசத்துல 14,000 பேருக்கு மேல திருத்தினாங்க. சராசரியா ரெண்டு வருஷம் திரும்பக் கிடைச்சுது.

---

ஊர்க்குருவி

மாலதி அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. அப்போ அதுக்கு முன்னாடி செத்துப்போனவங்களுக்கு?

---

மாலதி

அவங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா.

---

பழம்பஞ்சாங்கம்

மாலதி அம்மா எழுதினதைப் படிச்சு எனக்கும் சங்கடமாத்தான் இருந்தது. இருந்தாலும் கேக்கறேன். சூத்திரம் எழுதினவங்க வெறுப்புல எழுதலை. தரவுல இருந்தது, போட்டாங்க. தப்புன்னு தெரிஞ்சதும் திருத்தினாங்க. இதுக்கு "இனப்பாகுபாடு"ன்னு பேர் வச்சா, உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பர்களை நிஜமாவே நாய் விட்டுக் கடிக்கவச்ச பர்மிங்காம் போலீஸுக்கு என்ன பேர் வைப்பீங்க? ரெண்டையும் ஒரே தராசுல நிறுத்தினா சூத்திரம் எழுதினவருக்குக் கோபம் வரும், நாய் விட்டவருக்குச் சௌகரியம். இன்னொண்ணு: புதுச் சூத்திரத்தில் கறுப்பரல்லாதவங்களுக்கு எண் கொஞ்சம் கூடித்தான் காட்டும்னு படிச்சேன். ஒருத்தர் கணக்கை நேராக்க இன்னொருத்தர் கணக்கைச் சாய்ச்சா அது நீதியா?

---

மாலதி

சார், ரெண்டாவது கேள்வி நியாயமான கேள்வி. கூடித்தான் காட்டும், ஆனா அந்த வித்தியாசம் சின்னது. அதனாலதான் சிஸ்டாட்டின் சி-ன்னு இன்னொரு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்றாங்க. அதுக்கு உடம்புல தசை எவ்வளவுங்கற பிரச்சினை அவ்வளவா இல்ல, இனமும் கேக்க வேண்டியதில்ல. செலவு கூட. எல்லாக் கூடத்துலயும் இன்னும் வரல.

முதல் கேள்விக்கு: வெறுப்பு இல்லைங்கறதைத்தான் நானும் சொன்னேன். நானே எத்தனை ரிப்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன், யார் மேல வெறுப்பு எனக்கு? ஆனா கறுப்பர் உடம்பு வேற மாதிரின்னு ஒரு நினைப்பு முதல்ல இருந்தாத்தான், தரவுல ஒரு வித்தியாசம் தெரிஞ்சதும் "தசை"ன்னு உடனே பதில் வரும். சாப்பாடா, மருந்தா, ஆய்வுக்கு ஆள் எடுத்த விதமான்னு தேடத் தோணாது. நுரையீரல் பரிசோதனைக் கருவிக்கும் இதே கதைதான். கறுப்பருக்கு நுரையீரல் கொள்ளளவு குறைவுன்னு அடிமை முறைக் காலத்துல எழுதினாங்க. அதை ஒட்டின திருத்தக் கணக்கு கருவியிலயே ஏறி, 2023 வரைக்கும் நின்னுது. அந்த வருஷம்தான் அமெரிக்க நெஞ்சக நோய் மருத்துவர் சங்கம் இனம் பார்க்காத அளவுக்கு மாறச் சொல்லிச்சு. சுரங்கத்துலயோ பஞ்சாலையிலயோ வேலை செஞ்சு மூச்சு போன கறுப்புத் தொழிலாளிக்கு "உனக்கு இது இயல்பு"ன்னு சொல்ல அந்தக் கணக்கு உதவிச்சு.

விரல்ல மாட்டற பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பத்தி 2020 டிசம்பர்ல வந்த மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வையும் பாருங்க. கருவி 92-ல இருந்து 96 வரைக்கும், சரியா இருக்குன்னு காட்டின நேரத்துல, ரத்தத்துல நிஜமா ஆக்சிஜன் குறைஞ்சிருந்தது கறுப்பர்கள்ல 11.7 விழுக்காடு, வெள்ளையர்ல 3.6. அதுவும் கொரோனா உச்சத்துல, அந்த எண்ணைப் பார்த்துத்தான் படுக்கை கொடுத்துட்டு இருந்தாங்க. கறுத்த தோல்ல அந்தக் கருவி தடுமாறுதுன்னு 1990-லயே எழுதியாச்சு. முப்பது வருஷம் யாரும் அவசரப்படல.

---

செங்கல்சூளை

வீட்டுக்கடன் பக்கம் நான் எழுதுகிறேன். இந்தத் துறையில்தான் "வெறுப்பு இல்லாத பாகுபாடு" எப்படிப் பிறக்கிறது என்பது வெட்டவெளிச்சம், ஏனென்றால் இங்கே ஆரம்பத்தில் வெறுப்பும் இருந்தது, அரசாங்க முத்திரையும் இருந்தது.

1934-ல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வங்கிக் கடன்களுக்கு உத்தரவாதம் தந்தது. அந்த உத்தரவாதம் இருந்ததால்தான் சாதாரணச் சம்பளக்காரர் குறைந்த முன்பணம் கட்டி நீண்ட காலத் தவணையில் வீடு வாங்க முடிந்தது. கறுப்பர்கள் வாழும் பகுதி என்றால் உத்தரவாதம் கிடையாது. அவர்களுடைய கையேடே, வீட்டுப் பத்திரத்தில் "வேறு இனத்தாருக்கு விற்கக் கூடாது" என்ற நிபந்தனை எழுதுவதைப் பரிந்துரைத்தது. (கறுப்பர் பகுதிகளைக் கடனுக்கு ஆபத்தானவை என்று சிவப்பு வண்ணம் பூசிய வரைபடங்களைத்தான் எல்லாரும் பேசுவார்கள். அவை வேறொரு அமைப்பு போட்டவை, 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு. அந்த வரைபடங்கள் எந்த அளவுக்குக் காரணம், எந்த அளவுக்கு ஏற்கெனவே இருந்ததைப் பதிவு செய்தவை என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. கடன் உத்தரவாதம் மறுக்கப்பட்டதில் சண்டை இல்லை.)

போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944 சட்டப்படி வீட்டுக்கடன் சலுகை வந்தது. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நடைமுறையை உள்ளூர் வங்கிகளிடம் விட்டார்கள். 1947-ல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் வீடு, தொழில், பண்ணைக்காக உத்தரவாதம் பெற்ற 3,200 சொச்சம் கடன்களில் கறுப்பு வீரர்களுக்குப் போனவை இரண்டு. இருநூறு அல்ல, இரண்டு.

சிகாகோவில் வங்கிக் கடன் கிடைக்காத கறுப்புக் குடும்பங்கள் ஒப்பந்த முறையில் வீடு வாங்கின. இரட்டை விலை, மாதத் தவணை, கடைசித் தவணை முடியும்வரை பத்திரம் விற்றவன் பெயரில். ஒரு தவணை தவறினால் வெளியே போ, கட்டியதெல்லாம் போச்சு. அடுத்த குடும்பத்துக்கு அதே வீட்டை மறுபடியும் விற்பான்.

1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் கையெழுத்தானது. நல்லது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை மலிவாக வாங்கிய வீடுகளின் விலை ஏறிவிட்டது. அந்த வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தார்கள், பிள்ளைக்கு முன்பணம் கொடுத்தார்கள். 2022 கணக்கில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலை ஆண்டு வருமானம் 100 என்றால் கறுப்பர் குடும்பத்துக்கு 65. சொத்தை எடுத்தால்? 2,85,000 டாலருக்கு 44,900. நூற்றுக்குப் பதினாறுகூட முழுதாக இல்லை. பஞ்சாங்கம் ஐயா சொன்ன முன்னேற்றம் வருமானத்தில் தெரிகிறது. சொத்தில் தெரியவில்லை. வருமானம் இன்றைய சட்டத்தைக் காட்டுகிறது, சொத்து தாத்தா காலத்துச் சட்டத்தைக் காட்டுகிறது.

---

நிழற்குடை

எல்லாம் சரி, ஆனா இது வர்க்கப் பிரச்சினைதானே? ஏழை வெள்ளைக்காரனும் இதே கஷ்டம்தான் படறான். இனம்னு பிரிச்சுப் பேசறதாலதான் ரெண்டு ஏழையும் ஒண்ணு சேர மாட்டேங்கிறான்.

---

மாலதி

வர்க்கம் பெரிய பங்குதான், மறுக்கல. ஆனா பிரசவத்தை எடுத்துக்கோங்க. 2023-ல ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார், வெள்ளையர்ல 14.5, கறுப்பர்ல 50.3. "ஏழ்மை"ன்னு நீங்க சொல்வீங்க. சரி, பட்டம் வாங்கினவங்களை மட்டும் எடுத்துப் பார்த்தாங்க. அங்க வித்தியாசம் சுருங்கல, அஞ்சு மடங்கு ஆச்சு. பட்டதாரிக் கறுப்பினப் பெண்ணைவிடப் பள்ளிப்படிப்பே முடிக்காத வெள்ளைக்காரப் பெண்ணுக்கு ஆபத்து குறைவு. பணத்தை வச்சு மட்டும் இதை எப்படி விளக்கறது?

---

நெறியாளர்

சாதியோடு ஒப்பிட்ட ஏழு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். பேசவேண்டிய விஷயம்தான், ஆனால் அங்கே பேசுங்கள். ஒருவரையொருவர் "விலைபோனவர்" என்ற இரண்டு பதிவுகளை நீக்கியாயிற்று.

---

ஊர்க்குருவி

நெறியாளர் அண்ணே, இது இழைக்கு உள்ளேதான், நீக்கிடாதீங்க. அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஆளுங்களைப் பத்தி.

பகத் சிங் திண்ட்னு ஒருத்தர், முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர். குடியுரிமை கேட்டார். அப்போ சட்டப்படி வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டும்தான் குடியுரிமை. அவர் என்ன வாதம் வச்சார் தெரியுமா? "இந்தச் சட்டமே தப்பு"ன்னு சொல்லல. "நான் உயர்குல ஆரியன், அதனால நானும் வெள்ளையன்தான்"னார். 1923-ல உச்ச நீதிமன்றம் முடியாதுன்னுட்டுது. அதுக்குப் பிறகு ஏற்கெனவே குடியுரிமை வாங்கின பல இந்தியர்களுக்கும் பறிச்சாங்க. 1946-ல வருஷத்துக்கு நூறு இந்தியர்னு கதவைக் கீறலா திறந்தாங்க. முழுசா திறந்தது 1965 குடிவரவுச் சட்டம். அது எந்தக் காத்துல வந்தது? 1964 குடிமை உரிமைகள் சட்டம், 1965 வாக்குரிமைச் சட்டம், அதே காத்து. கறுப்பர்கள் வாக்குரிமை கேட்டு அலபாமா மாநிலத்து செல்மாவுல அடி வாங்கினதுக்குப் பின்னாடி வந்த விமானத்துலதான் நம்ம பெரியப்பா மாமா எல்லாம் ஏறினாங்க.

இப்போ அதே மாமா வீடு பார்க்கும்போது "அந்த ஏரியா வேண்டாம், பள்ளிக்கூடம் சரியில்ல"ம்பார். பள்ளிக்கூடத்தோட மதிப்பெண்ணைப் பார்த்தாரா, வாசல்ல நின்ன பிள்ளைங்களைப் பார்த்தாரா?

---

பழம்பஞ்சாங்கம்

மாமா பள்ளிக்கூட மதிப்பெண்ணைத்தான் பார்த்திருப்பார். தன் பிள்ளை நல்லா படிக்கணும்னு நினைக்கிறது குத்தமா?

---

செங்கல்சூளை

குற்றம் இல்லை ஐயா. ஆனால் அங்கே பள்ளிகளுக்குப் பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து வருகிறது. வீட்டுவிலை எங்கே தாழ்ந்ததோ அங்கே வரியும் தாழ்ந்தது. மாமா பார்த்த மதிப்பெண்ணிலும் 1934 கொஞ்சம் இருக்கிறது.

---

பழம்பஞ்சாங்கம்

சரி, இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டேன். ஒரு யோசனை சொல்றேன், மாலதி அம்மாவோட உதாரணத்திலிருந்தே வருது. சிறுநீரகச் சூத்திரத்திலிருந்து இனத்தை எடுத்தீங்க, நியாயம் கிடைச்சுது. அப்போ எல்லா இடத்திலிருந்தும் எடுங்களேன். படிவத்தில் இனம் கேக்கவே கூடாது. பிரான்ஸ் அரசாங்கம் மக்கள்தொகைக் கணக்கில் இனம் கேக்கறதில்லை. கட்டம் இருக்கிறவரைக்கும் அதை யாராவது தப்பாப் பயன்படுத்துவாங்க.

---

மாலதி

சூத்திரத்துல இருந்து எடுக்கறது வேற சார், கணக்கெடுப்புல இருந்து எடுக்கறது வேற. ஆக்சிமீட்டர் தப்பா காட்டுதுன்னு எப்படித் தெரிஞ்சுது? நோயாளி பதிவுல இனம் இருந்ததால. பிரசவ இறப்பு மூணு மடங்குன்னு எப்படித் தெரியும்? இறப்புப் பதிவுல இருந்ததால. அந்த 14,000 பேரைத் தேடி எடுத்ததே அந்தக் கட்டத்தை வச்சுத்தான். சிகிச்சையை முடிவு பண்றதுக்கு அது வேண்டாம். முடிவு பண்ணினது சரியான்னு பின்னாடி பார்க்க வேணும். கட்டத்தை அழிச்சா வித்தியாசம் போகாது, ரிப்போர்ட் மட்டும் சுத்தமா இருக்கும்.

---

நெய்தல் குமரன்

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2003-ல் கலிபோர்னியாவில் மாநில அரசு இனவாரியாகத் தகவல் திரட்டக் கூடாது என்று ஒரு முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. மருத்துவர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன, மாலதி அக்கா சொன்ன அதே காரணம். 64-க்கு 36 என்று தோற்றது.

---

பழம்பஞ்சாங்கம்

மருத்துவத்துக்கு விலக்கு கொடுக்கலாம், அதை ஒத்துக்கறேன். வேலைக்கும் கடனுக்கும் கல்லூரிக்கும் கட்டம் வேண்டாம்ங்கறதில் நான் மாறலை. எனக்கு அங்கே ஓட்டு இருந்திருந்தா அந்த 36-ல் ஒருத்தன் நான்.

---

நிழற்குடை

மாலதி அக்கா, ஒரு உதவி. எங்க கம்பெனியில கூட வேலை செய்யறவரோட அம்மா, கறுப்பினத்தவர், பட்டியல்ல மூணு வருஷமா இருக்காங்க. அந்தத் திருத்தம் அவங்களுக்குத் தானா நடந்திருக்குமா, கேக்கணுமா?

---

மாலதி

நடந்திருக்கணும், மருத்துவமனை கடிதமும் அனுப்பியிருக்கணும். ஆனா பழைய ரிப்போர்ட் வேற கூடத்துல எடுத்திருந்தா விட்டுப்போக வாய்ப்பு உண்டு. மாற்றுறுப்பு ஒருங்கிணைப்பாளர்கிட்ட "காத்திருப்புத் தேதி திருத்தினீங்களா"ன்னு நேரா கேக்கச் சொல்லுங்க. 2022-க்கு முந்தின ரத்தப் பரிசோதனைத் தாள் எது இருந்தாலும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, ரெண்டு வரி அச்சடிச்சது இருந்தா அதுவே ஆதாரம்.